முந்தும்போது கேமரா மின்னினால்: புதிதாக வண்டி ஓட்டுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

முன்னால் போகும் கார் எழுபதைத் தாண்ட மறுக்கிறது. சாலையின் வேக எல்லை மணிக்கு 80 கி.மீ. எதிரே யாரும் இல்லை. இன்டிகேட்டர் போட்டு, தடம் மாறி, ஆக்சிலரேட்டரை அழுத்துகிறீர்கள். அந்தக் காருக்குப் பக்கவாட்டில் போய்க்கொண்டிருக்கும்போதே ஓரத்துக் கம்பத்திலிருந்து பளீரென ஒரு வெளிச்சம்.

புதிதாக லைசென்ஸ் வாங்கியவர்கள் இந்த இடத்தில் பெரும்பாலும் கேட்பது இதுதான்: "முந்துவதற்காகத்தானே வேகம் எடுத்தேன், அதற்குமா அபராதம்?" பெரும்பாலான நாடுகளில் அதற்கும்தான். முந்தும்போது மட்டும் எல்லை கொஞ்சம் தளரும் என்று சட்டம் சொல்வதில்லை. ஆனால் விஷயம் அதோடு முடிவதில்லை. பக்கத்தில் இன்னொரு வண்டி இருந்ததால், கேமரா யாரை அளந்தது என்ற சந்தேகத்துக்கு இங்கே உண்மையிலேயே இடம் இருக்கிறது. தனியாகப் போய் மாட்டிக்கொண்டவருக்கு அந்தச் சந்தேகமே எழாது. ஆகவே பணம் கட்டுவதா, எதிர்த்து எழுதுவதா என்று முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை சில உண்டு. நடக்கும் வரிசையிலேயே போவோம்.

மின்னிய அந்த நொடியில்

பிரேக்கில் கால் வைக்காதீர்கள். வெளிச்சம் தெரிந்துவிட்டது என்றால் அளவு எடுத்து முடிந்துவிட்டது என்று பொருள். இனி வேகத்தைக் குறைத்து அந்தப் படத்தை மாற்ற முடியாது. நீங்கள் இருப்பதோ எதிர்த்தடத்தில். அங்கே பதறி பிரேக் போட்டால், முந்தவும் முடியாமல், பின்னால் வரவும் இடமில்லாமல் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள். உங்களுக்குப் பின்னால் வந்த வண்டி அதற்குள் உங்கள் பழைய இடத்தை நிரப்பியிருக்கும். தொடங்கிய முந்தலை ஒழுங்காக முடியுங்கள், கண்ணாடியில் அந்தக் கார் முழுதாகத் தெரிந்ததும் தடத்துக்குத் திரும்புங்கள், பிறகு நிதானமாக எல்லைக்குள் வாருங்கள். அபராதம் காகிதத்தோடு போகும் சங்கதி. எதிரே வரும் லாரி அப்படியல்ல.

ஓட்டிக்கொண்டே போனை எடுத்து நேரம் பார்ப்பது, அடுத்த திருப்பத்தில் வண்டியைத் திருப்பிக் கேமராவைப் பார்க்கப் போவது, இரண்டும் வேண்டாம். பாதுகாப்பாக நிறுத்த இடம் கிடைத்தபின் செய்ய நிறைய இருக்கிறது.

வண்டியை நிறுத்தியதும்

நினைவு ஒரு நாளுக்குள் மங்கிவிடும். அறிவிப்போ வாரக் கணக்கில் கழித்து வரலாம். ஆகவே அன்றே எழுதி வையுங்கள்: நேரம், சாலையின் பெயர் அல்லது எண், போன திசை, கடைசியாகப் பார்த்த வேக எல்லைப் பலகை, வேகமானியில் கண்ட எண், முந்திய வண்டியின் வகையும் நிறமும், மின்னியபோது அது உங்களுக்கு முன்னாலா, பக்கத்திலா, பின்னாலா. ஒன்றுக்கு மேற்பட்ட முறை மின்னியதா என்பதையும் சேருங்கள். மழை, இருட்டு, பலகையை மறைத்த கிளை போன்றவை கண்ணில் பட்டிருந்தால் அவற்றையும்.

டேஷ்கேம் இருந்தால் அந்தப் பதிவை உடனே தனியாக எடுத்து வையுங்கள். பெரும்பாலான டேஷ்கேம்கள் அட்டை நிரம்பியதும் பழையதை அழித்து அதன்மேல் எழுதும். ஜிபிஎஸ் வேகத்தையும் பதியும் வகை என்றால் இன்னும் நல்லது. ஆனால் பதிவை ஒரு முறை முழுக்கப் போட்டுப் பாருங்கள். அது உங்களுக்கு ஆதரவாகவும் பேசலாம், எதிராகவும் பேசலாம். பார்க்காமலே "என்னிடம் வீடியோ இருக்கிறது" என்று எழுதி அனுப்புபவர்கள் உண்டு.

மின்னியது உங்களுக்காகவா?

எல்லா வெளிச்சமும் உங்களுக்கானதல்ல. எதிர்த்திசையில் வந்த வண்டியை அது பிடித்திருக்கலாம். இருதிசையும் பார்க்கும் கேமராக்கள் இருக்கின்றன. நீங்கள் முந்திய காரே எல்லையைத் தாண்டியிருக்கலாம். முந்தப்படுவது தெரிந்ததும் தானும் வேகம் கூட்டும் ஆசாமிகளுக்கு எங்கும் பஞ்சமில்லை. மறுபக்கம், எந்த வெளிச்சமும் இல்லாமலே நீங்கள் பிடிபட்டிருக்கவும் கூடும். அகச்சிவப்பு ஒளியில் படமெடுக்கும் கேமராக்களின் மின்னல் கண்ணுக்குத் தெரியாது. ஆக, வெளிச்சத்தை வைத்து மட்டும் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

சாலையில் எந்த வகைக் கேமரா இருந்தது என்று தெரிந்தால் பாதி விளங்கிவிடும். இந்தக் கட்டுரையில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய பகுதி இதுதான், ஏனென்றால் முந்தும்போது எழும் சிக்கல்கள் ஒவ்வொரு வகையிலும் வேறுபடும்.

ராடார் கேமரா ஒரு வானொலி அலையை அனுப்பி, வண்டியில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்க்கிறது. ஆம்புலன்ஸ் நெருங்கும்போது சைரன் கீச்சென்றும், கடந்து போனதும் கனமாகவும் கேட்கிறதே, அதே டாப்ளர் விளைவுதான். 24.125 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் ராடாரில், மணிக்கு ஒவ்வொரு கி.மீ. வேகத்துக்கும் அதிர்வெண் சுமார் 45 ஹெர்ட்ஸ் மாறும். இந்த அளவு துல்லியமானது. ஆனால் பழைய ஒற்றைக் கற்றை ராடாருக்கு வேகம் தெரியுமே தவிர, அந்த வேகம் யாருடையது என்று தெரியாது. அதைப் படம்தான் சொல்ல வேண்டும். ஒரே திசையில் போகும் இரண்டு வண்டிகள் அளவெடுக்கும் பரப்புக்குள் சேர்ந்து நின்றால் குழப்பம் தொடங்குகிறது. அதனால்தான் அத்தகைய படங்களைச் சரிபார்க்கும் அலுவலர்கள், வேகத்தை எந்த வண்டியோடும் ஐயமின்றிப் பொருத்த முடியாதபோது அவற்றை ஒதுக்கிவிடுவது வழக்கம்.

புதிய ராடார்கள் அப்படியல்ல. அவை ஒரே நேரத்தில் பல வண்டிகளைத் தனித்தனியாகப் பின்தொடரும். எந்தத் தடத்தில் போன வண்டி எந்த வேகத்தில் போனது என்று படத்திலேயே குறித்துவிடும். "பக்கத்தில் இன்னொரு கார் இருந்தது" என்ற வாதம் இவற்றின் முன் எடுபடுவது அரிது.

சாலைக்கு அடியில் உணரிகளைப் புதைத்து அளப்பது இன்னொரு வகை. ஒவ்வொரு தடத்துக்கும் தனி உணரி. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வண்டி போக எவ்வளவு நேரம் ஆனது என்பதிலிருந்து வேகம். தடம் மாறும் பாதியில், இரண்டு தடத்திலும் சக்கரம் இருக்கும் நிலையில் இந்த உணரிகளைக் கடந்திருந்தால் அது கேட்கத் தகுந்த கேள்வி.

லேசர் கருவியின் கற்றை குறுகலானது. காவலர்கள் கையில் பிடிக்கும் ஒரு வழக்கமான கருவியில் 300 மீட்டர் தொலைவில் அது சுமார் ஒரு மீட்டர் அகலம்தான் விரியும். அருகில் இருந்தால் எந்த வண்டி என்பதில் சந்தேகம் குறைவு. தொலைவு கூடக் கூடத்தான் பக்கத்து வண்டி உள்ளே வரும் வாய்ப்பு. எனவே லேசர் வழக்கில் முதலில் பார்க்க வேண்டியது, எத்தனை மீட்டர் தொலைவில் அளந்தார்கள் என்பது.

கடைசியாக, சராசரி வேகக் கேமரா. ஓரிடத்தில் நம்பர் பிளேட்டைப் படித்து, சில கி.மீ. தள்ளி மீண்டும் படித்து, இடைப்பட்ட நேரத்தைக் கணக்கிடும். இத்தாலியில் 2005 முதல் நெடுஞ்சாலைகளில் 'டியூட்டர்' என்ற பெயரில் இருப்பது இந்த முறைதான். இதைப் பார்த்துத்தான் புதியவர்கள் அதிகம் பயப்படுகிறார்கள், முந்தும் விஷயத்தில் தேவையே இல்லாமல். எல்லை 80 உள்ள 10 கி.மீ. நீளப் பகுதியைக் கடக்க 7 நிமிடம் 30 நொடி ஆக வேண்டும். மற்ற தூரமெல்லாம் சரியாக 80-இல் ஓட்டி, ஒரே ஒரு முந்தலில் ஏழு நொடி 110-இல் போனாலும் உங்கள் சராசரி 80.5-ஐ ஒட்டித்தான் நிற்கும். அது பிழைவரம்புக்குள், அதாவது அளவீட்டுப் பிழைக்காக விட்டுக்கொடுக்கும் சிறு அளவுக்குள், அடங்கிவிடும். அதே 110-ஐ ஒற்றைப் புள்ளிக் கேமரா பார்த்தால் 30 கி.மீ. அதிகம். (இதை 'அப்படியானால் முந்தலாம்' என்ற அனுமதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அந்தப் பகுதிக்குள் காவல் வண்டி நிற்காது என்று யாரும் உறுதி தரவில்லை.)

உங்கள் உண்மையான வேகம் என்ன?

வேகமானி 97 காட்டியது, எல்லை 80, "போச்சு" என்று இருக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். ஐரோப்பாவிலும் வேறு பல நாடுகளிலும் பின்பற்றப்படும் ஐ.நா. வாகன ஒழுங்குவிதி 39-இன்படி, வேகமானி உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டலாம்; உண்மை வேகத்தின் பத்தில் ஒரு பங்கும் அதோடு 4 கி.மீ.யும் வரை. அதாவது முள் 97-இல் நின்றபோது நீங்கள் உண்மையில் 85-க்கும் 97-க்கும் இடையில் எங்கோ இருந்திருப்பீர்கள். வண்டியோடு வந்த அளவைவிடப் பெரிய டயர் மாட்டியிருந்தால் மட்டும் இந்தக் கணக்கு உங்களைக் கைவிட்டுவிடும்.

அடுத்து, அளந்த வேகத்திலிருந்து ஒரு பிழைவரம்பைக் கழித்துவிட்டுத்தான் பல நாடுகள் அபராதம் போடுகின்றன. ஜெர்மனியில் 100 கி.மீ. வரை 3 கி.மீ., அதற்கு மேல் 3 சதவீதம். பிரான்சில் நிலையான கேமராவுக்கு 100 வரை 5 கி.மீ., மேலே 5 சதவீதம். பிரிட்டனில் எல்லையோடு 10 சதவீதமும் 2 மைலும் சேர்ந்த பிறகே நடவடிக்கை என்று காவல்துறைத் தலைவர்களின் வழிகாட்டுதல் ஒன்று உண்டு. அது வழிகாட்டுதல்தான், உரிமை அல்ல. அறிவிப்பில் இரண்டு வேகங்கள் அச்சாகியிருந்தால், ஒன்று அளந்தது, மற்றது கழித்தபின் கணக்கில் எடுத்தது. அபராதம் இரண்டாவதற்கு.

"தடம் மாறும்போது வண்டி சாய்வாகப் போனதால் ராடார் தப்பாக அளந்துவிட்டது" என்று சிலர் சொல்வார்கள். அதில் ஒரு துளி உண்மை உண்டு. கற்றை சாலைக்கு 20 பாகை கோணத்தில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். கருவி அந்தக் கோணத்தை மனதில் வைத்துத்தான் வேகத்தைத் திருத்துகிறது. நீங்கள் 2 பாகை சாய்ந்து ஓட்டியிருந்தால் விடை ஒரு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே மாறும், அதுவும் சாய்ந்த பக்கத்தைப் பொறுத்துக் கூடலாம், குறையலாம். நூறில் ஒன்றோ ஒன்றரையோ. ஏற்கெனவே கழித்த பிழைவரம்பு அதை விழுங்கிவிடும். எல்லையை ஓரிரு கி.மீ. மட்டுமே தாண்டியிருந்தாலோ, அல்லது அடுத்த தண்டனைப் படியின் விளிம்பில் நின்றாலோ ஒழிய இந்த வாதத்துக்கு உழைப்பைச் செலவிட வேண்டாம்.

அறிவிப்புக்காகக் காத்திருக்கும் நாட்கள்

அறிவிப்பு வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவருக்குத்தான் போகும். முகவரி மாறியிருந்தால், அபராதம் வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டிருக்கும். பதிவுச் சான்றில் முகவரியைச் சரிபாருங்கள். நிறுவன வண்டி என்றால் முதலில் அலுவலகத்துக்கும், வாடகை வண்டி என்றால் வாடகை நிறுவனத்துக்கும் போய், அங்கிருந்து உங்கள் பெயர் தெரிவிக்கப்பட்ட பிறகே உங்களிடம் வரும். வாடகை நிறுவனங்கள் அந்த வேலைக்குத் தனிக் கட்டணமும் பிடிக்கும். எல்லை தாண்டி வேறு நாட்டில் ஓட்டியதால் தப்பித்துவிட்டோம் என்றும் நினைக்க வேண்டாம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் வண்டி உரிமையாளர் விவரத்தைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ள 2015-இலேயே ஓர் ஆணை உண்டு.

எத்தனை நாளில் வர வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் முதல் அறிவிப்பு பதிவு உரிமையாளருக்கு 14 நாளுக்குள் சேர வேண்டும். ஓட்டியது யார் என்று அவர் 28 நாளுக்குள் எழுதித் தெரிவிக்க வேண்டும். அந்தப் பதிலை அனுப்பாமல் விடுவது வேகத்தைவிடப் பெரிய குற்றமாகிவிடும்.

இந்த இடைவெளியில் வரும் குறுஞ்செய்திகளில் கவனம் தேவை. "உங்கள் சலான் நிலுவையில் உள்ளது, இந்த இணைப்பைத் தட்டுங்கள்" என்று வருபவற்றில் பல மோசடி. இந்தியாவில் வாட்ஸ்அப்பில் ஒரு ஏபிகே கோப்பை (ஆண்ட்ராய்டு போனில் செயலியை நிறுவும் கோப்பு) அனுப்பி, அதை நிறுவச் செய்து வங்கிக் கணக்கைச் சுரண்டும் வேலை நடந்திருக்கிறது. செய்தியில் இருக்கும் இணைப்பைத் தொடாமல், அரசின் பரிவாகன் தளத்தை நீங்களே திறந்து வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். உண்மையான சலான் என்றால் அங்கே இருக்கும். வேறு நாடுகளிலும் இதே வழிதான்: இணைப்பு வழியாகப் போகாதீர்கள், தளத்துக்கு நேராகப் போங்கள்.

அறிவிப்பு கையில் வந்ததும்

முதலில் சாதாரண விஷயங்கள். நம்பர் பிளேட்டின் ஒவ்வோர் எழுத்தும் உங்களுடையதா? வண்டியின் வகை, நிறம், இடம், நேரம், திசை உங்கள் குறிப்போடு ஒத்துப்போகின்றனவா? போலி நம்பர் பிளேட்டு மாட்டிய வண்டியின் அபராதம் அப்பாவி வீட்டுக்கு வருவது நடக்கிற காரியம். பிறகு கடைசித் தேதி. ஜெர்மனியில் அபராத உத்தரவை எதிர்க்க இரண்டே வாரம்தான். அந்தத் தேதியை நாட்காட்டியில் வட்டமிட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள்.

அடுத்து படத்தைக் கேளுங்கள். சில இடங்களில் அறிவிப்போடே வரும், சில இடங்களில் இணையத்தில் பார்க்கலாம், சில இடங்களில் எழுதிக் கேட்க வேண்டும். முந்தும்போது எடுத்த படத்தில் பார்க்க வேண்டியவை: எத்தனை வண்டிகள் தெரிகின்றன? அளவெடுக்கும் பரப்பு குறிக்கப்பட்டிருந்தால் அதற்குள் உங்கள் வண்டி மட்டும் இருக்கிறதா, மற்றதும் இருக்கிறதா? தட எண் அச்சாகியிருந்தால் அது நீங்கள் இருந்த தடமா? திசைக் குறி, வருவதா போவதா?

இரண்டு படம் எடுக்கும் கேமரா என்றால் உங்களுக்குக் கணக்குப் போட ஒரு வாய்ப்பு. சில கேமராக்கள் அரை நொடி இடைவெளியில் இரண்டு படம் எடுக்கும். அதற்காகவே சாலையில் சம இடைவெளியில் கோடுகள் வரைந்திருப்பார்கள். மணிக்கு 90 கி.மீ.யில் போகும் வண்டி அரை நொடியில் 12.5 மீட்டர் நகரும். 108-இல் போனால் 15 மீட்டர். கோடுகளை எண்ணி உங்கள் வண்டி நகர்ந்த தூரத்தைப் பாருங்கள். இந்தச் சோதனையின் அழகு என்னவென்றால், ராடாரைக் குழப்பிய பக்கத்து வண்டி இதைக் குழப்ப முடியாது. ராடார் சொன்ன எண்ணும் கோடுகள் சொல்லும் எண்ணும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், வாதாட அதிகம் இல்லை. இரண்டும் எட்டத்தில் நின்றால், உங்கள் கடிதத்துக்கு முதல் வரி கிடைத்துவிட்டது.

படம் இருபுறமும் வெட்டும் என்பதையும் மறக்க வேண்டாம். நீங்கள் நிற்பது தொடர்கோட்டுக்கு மறுபுறமா? முந்தத் தடை செய்யப்பட்ட பகுதியா? கையில் போன் தெரிகிறதா? வேகத்தை மட்டும் எதிர்க்கப் போய், அதைவிடக் கனமான இன்னொரு குற்றத்தின் மேல் அதிகாரியின் பார்வையைத் திருப்பிவிட்டவர் கதி பரிதாபம்.

யார் பொறுப்பு என்பதிலும் இரண்டு வழக்கம். ஜெர்மனியில் ஓட்டியவரே பொறுப்பு. அதனால் முகம் தெரியும்படி முன்பக்கப் படம் அவர்களுக்கு வேண்டும். நெதர்லாந்தில் சாதாரண வேக மீறலுக்கு வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கே அபராதம். நீங்கள் ஓட்டும் நாடு எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டு பதில் எழுதுங்கள்.

ஓட்டியது யார் என்ற கட்டத்தில் மட்டும் பொய் எழுதாதீர்கள். ஆஸ்திரேலியாவில் மார்க்கஸ் ஐன்ஃபெல்டு என்ற ஓய்வுபெற்ற ஃபெடரல் நீதிமன்ற நீதிபதி, 2006-இல் வந்த ஒரு சிறிய வேக அபராதத்துக்கு, வண்டியைத் தன் தோழி ஒருவர் ஓட்டியதாக உறுதிமொழி கொடுத்தார். அந்தத் தோழி அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே இறந்துபோயிருந்தார். 2009-இல் அந்த நீதிபதிக்குக் கிடைத்தது சிறை. பிரிட்டனில் அமைச்சராக இருந்த கிறிஸ் ஹியூனும், அவருடைய வேகத் தண்டனைப் புள்ளிகளை (லைசென்ஸில் ஏறும் இவை வரம்பைத் தாண்டினால் லைசென்ஸே போகலாம்) தன் பெயரில் ஏற்றுக்கொண்ட, அவர் மனைவியாக இருந்த விக்கி பிரைஸும் 2013-இல் தலைக்கு எட்டு மாதத் தண்டனை பெற்றார்கள். சட்டம் தெரிந்தவர்களுக்கே இந்த நிலை.

கட்டுவதா, எதிர்ப்பதா?

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: படம் தெளிவாக இருந்து, தடமும் திசையும் சரியாக இருந்து, வேகமும் உங்கள் நினைவோடு ஒத்துப்போனால் கட்டிவிடுங்கள். சீக்கிரம் கட்டினால் தள்ளுபடி தரும் இடங்கள் உண்டு; முதல் முறை சிறிய மீறலுக்கு, பிரிட்டனில் இருப்பதுபோல, புள்ளிகளுக்குப் பதிலாக ஒரு வகுப்பில் உட்காரச் சொல்லும் இடங்களும் உண்டு. புதிதாக லைசென்ஸ் பெற்றவர்களுக்குப் புள்ளி வரம்பு பல நாடுகளில் குறைவு என்பதால் அந்த வகுப்பு கிடைத்தால் விடக் கூடாது.

எதிர்க்கத் தகுந்த காரணங்கள் சில. படத்தில் உள்ள வண்டி உங்களுடையது இல்லை. வேகம் எந்த வண்டிக்கு உரியது என்று படத்திலிருந்து தீர்மானிக்க முடியவில்லை. வேக எல்லைப் பலகை இல்லை, அல்லது முழுக்க மறைந்திருந்தது. கருவியின் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது. இந்தியாவில் 2021-இல் மோட்டார் வாகன விதிகளில் சேர்த்த 167ஏ, கண்காணிப்புக் கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஒப்புதல் சான்றிதழ் இருக்க வேண்டும் என்றும், கருவி இருக்கும் பகுதிக்கு முன்பே எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இவை இல்லையென்றால் அதைக் கேட்கலாம். நான் முந்திய லாரிதான் பலகையை மறைத்தது என்ற வாதம் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் எல்லை தெரியாத இடத்தில் முந்தியதே உங்கள் தவறு என்று எளிதாகத் திருப்பிவிடுவார்கள்.

எடுபடாதவை: எல்லாரும் அந்த வேகத்தில்தான் போனார்கள், பின்னால் வந்தவர் ஒட்டிக்கொண்டு வந்தார், சில நொடிதான் வேகமாகப் போனேன், முன்னால் இருந்தவர் வேண்டுமென்றே மெதுவாகப் போனார். கடைசியாகச் சொன்னதற்கு உங்கள் மேல் இரக்கம் வரலாம், அபராதம் குறையாது. உயிருக்கு ஆபத்தான அவசரம் என்றால் அது வேறு, ஆனால் மருத்துவமனைச் சீட்டு மாதிரி ஏதாவது ஆதாரம் வேண்டும்.

"முந்துவதற்காக" என்பதே செல்லுபடியாகும் இடங்கள் ஒருசில உண்மையிலேயே உண்டு. அமெரிக்காவின் மின்னசோட்டாவில், எல்லை 55 மைலோ அதற்கு மேலோ உள்ள இருதடச் சாலையில் முந்தும்போது 10 மைல் கூடுதலாகப் போகச் சட்டமே இடம் கொடுக்கிறது. ஐடஹோவில் அது 15 மைல். வாஷிங்டன் மாநிலத்தில் எண்ணாகச் சொல்லாமல், முந்தத் தேவையான அளவு வேகம், தேவையான தூரம் மட்டும் என்று எழுதியிருக்கிறார்கள். ஸ்பெயினில் சாதாரண இருதடச் சாலைகளில் காருக்கும் பைக்குக்கும் 20 கி.மீ. சலுகை இருந்தது; 2022 மார்ச் 21 முதல் அதை எடுத்துவிட்டார்கள். பழைய ஸ்பானியச் சலுகையை நம்பி இன்றும் மாட்டிக்கொள்பவர்கள் இருப்பார்கள். உங்கள் இடத்தில் அப்படியொரு விதி இருக்கிறதா என்று சட்ட வாசகத்தில் பாருங்கள். ஓட்டுநர் பயிற்சியாளர் வாய்வழியாகச் சொன்னது போதாது.

எதிர்ப்புக் கடிதம் எழுதினால் சுருக்கமாக எழுதுங்கள். அறிவிப்பு எண், எதை எதிர்க்கிறீர்கள், எதனால், என்ன ஆதாரம் இணைத்திருக்கிறீர்கள். கோபத்துக்கு அங்கே இடமில்லை. பிழைவரம்பைத் தாண்டி நுட்பமான விஷயங்கள் இருந்தால், அல்லது லைசென்ஸ் போகும் அளவுக்குத் தண்டனை இருந்தால், போக்குவரத்து வழக்குகளைப் பார்க்கும் வழக்கறிஞரிடம் ஒரு முறை காட்டுவது வீண் செலவல்ல.

அடுத்த முறை முந்தும் முன்

வேகக் கேமரா என்ற இந்தப் பொருளை உலகத்துக்குக் கொடுத்தவர்களில் ஒருவர், வேகமாக ஓட்ட விரும்பிய ஒருவர்தான். 1953-இல் மான்டி கார்லோ ராலியை வென்ற டச்சு ஓட்டுநர் மவுரிட்ஸ் காட்சோனிடஸ், வளைவுகளில் தன் வேகத்தை அளந்து இன்னும் வேகமாகத் திரும்புவதற்காக ஒரு கருவி செய்தார். அதுதான் பின்னாளில் அவர் பெயரால் காட்சோ என்று அழைக்கப்படும் சாலையோரக் கேமராக்களாக வளர்ந்தது.

முந்துவதைப் பற்றிப் பேசும்போது அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த அளக்கும் பழக்கத்தை. எல்லை 90, முன்னால் போகும் கார் 80 என்று வையுங்கள். அதன் பின்னால் 25 மீட்டர் இடைவெளி, இரண்டு காரின் நீளம் 10 மீட்டர், கடந்தபின் முன்னால் விட வேண்டிய 25 மீட்டர், ஆக 60 மீட்டர் அதைவிடக் கூடுதலாக ஓட வேண்டும். எல்லைக்குள், 90-இல் போனால், வேக வித்தியாசம் வெறும் 10 கி.மீ. எதிர்த்தடத்தில் 21 நொடிக்கு மேல் இருப்பீர்கள், 540 மீட்டர் ஓடுவீர்கள். எதிரே அதே வேகத்தில் ஒருவர் வந்தால் அவரும் 540 மீட்டர் வருவார். ஒரு கி.மீ.க்கு மேல் வெட்ட வெளியாகத் தெரிந்தால்தான் இது சரிவரும்.

110-இல் போனால் ஏழு நொடியில் முடிந்துவிடும், 400 மீட்டர் தெரிந்தால் போதும். எல்லாரும் வேகம் எடுப்பது இதனால்தான். முட்டாள்தனம் என்று தள்ளிவிட முடியாது. எதிர்த்தடத்தில் குறைந்த நேரம் இருப்பது நல்லதுதானே என்ற நியாயம்தான் மேலே சொன்ன சலுகைகளுக்கும் அடிப்படை. ஆனால் கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. அந்தக் காரின் பின்னால் 10 கி.மீ. பொறுமையாகப் போயிருந்தால் உங்களுக்கு ஆகும் கூடுதல் நேரம் 50 நொடி. எல்லையைத் தாண்டினால் மட்டுமே முடியும் என்ற முந்தல், பெரும்பாலும் இந்த ஐம்பது நொடிக்காகச் செய்யும் முந்தல்தான். முன்னால் இருப்பது 80-இல் போகும் கார் என்றால் விட்டுவிடுங்கள். 40-இல் போகும் டிராக்டர் என்றால் எல்லைக்குள்ளேயே சுலபமாகத் தாண்டலாம். நடுவில் இருப்பவைதான் சிக்கல், அவற்றுக்கு முந்து தடமோ, இரட்டைத் தடமோ வரும் வரை காத்திருங்கள்.

அந்த இரட்டைத் தடத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. தடம் முடியப்போகிறது என்ற பலகையைப் பார்த்ததும் கடைசி ஒரு வண்டியையும் தாண்டிவிடலாம் என்று அழுத்தும் ஆசை அங்கேதான் வரும். பலகை வந்தபோது அந்த வண்டியின் பக்கத்தில் நீங்கள் ஏற்கெனவே இல்லையென்றால், பின்னாலேயே இருந்துவிடுங்கள்.

வண்டியில் வேக வரம்புக் கருவி இருந்தால் அதை எல்லையில் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு: பல கார்களில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் அந்த வரம்பு தானாக விலகும். முந்தும்போது நாம் செய்வதும் அதைத்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் விற்கும் புதிய கார்களில் எல்லையைத் தாண்டினால் எச்சரிக்கும் அமைப்பு கட்டாயம். அதையும் ஓட்டுநர் மிதித்து மீறலாம். வண்டி வாங்கியதும் கையேட்டில் இந்தப் பக்கத்தைத் தேடி, எந்த அழுத்தத்தில் வரம்பு விலகுகிறது என்று ஆளில்லாத, எல்லை தாராளமாக உள்ள சாலையில் ஒரு முறை பழகிப் பாருங்கள்.